முத்துக்குளித்துறையில் செபம் பயின்ற சிறுவர்கள்

ஒரு சமயத்தார் தம் பிள்ளைகளுக்கு இறைவேண்டலைக் கற்பிக்கத் தொடங்கும்போது, மொழி பற்றிய ஒரு முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டியிருக்கிறது. செபம் பிறந்த மொழியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, அதன் வழியே அவனைச் செபத்துக்கு அழைத்துச் செல்வது ஒரு முறை; செபத்தையே பிள்ளை வீட்டில் பேசும் மொழிக்குக் கொண்டுவந்துவிடுவது மற்றொரு முறை. யூதர்கள் எபிரேயத்தைக் கொண்டு முதல் முறையை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறார்கள். தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு வேம்பாறு முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கப் பரதவர்களோ, உரோமைத் திருமுறையில் திருப்பலி இலத்தீனில் நடந்துகொண்டிருந்த 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுக்கும் இரண்டாம் முறைக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பணிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பாதிரியார் அண்டிறிக்கி என்னும் என்றிக்கே என்றிக்கெஸ், எபிரேயச் செபம் வலிந்து பறிக்கப்பட்ட ஒரு யூத மரபில் பிறந்தவர் என்பதால், இவ்விரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இந்தக் கடற்கரை தனியொரு காரணம் தருகிறது.

யூதச் சமய மரபில் பிள்ளைக்குக் கற்பிப்பது தந்தையின் கடமையாகும். பிள்ளை பேசத் தொடங்கியதுமே, இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடுவதும் காலையும் மாலையும் ஓதப்படுவதுமான ‘ஷெமா’ என்னும் வேண்டலின் முதல் அடியைத் தந்தை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று, யூதச் சட்டங்களும் அவற்றின் மீதான விவாதங்களும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூத் விதிக்கிறது. தந்தையை இழந்த பிள்ளை கல்லாமல் போய்விடுகிறது என்ற குறையைத் தீர்ப்பதற்காக, கி.பி. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்ததாகவும் அதே நூல் சொல்கிறது. ஓர் ஆசிரியரிடம் 25 பிள்ளைகள் வரை இருக்கலாம், 40 பேர் சேர்ந்தால் ஒரு துணையாளர் வேண்டும், 50 பேரானால் இரண்டு ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்று கணக்கு வகுக்கும் அளவுக்குப் பிள்ளைகளின் படிப்பு அங்கே ஊர்ப் பொறுப்பாகக் கருதப்பட்டது.

பிற்காலத்தில் ஐரோப்பிய யூதர்களிடையே இத்தகைய தொடக்கப் பள்ளி, ‘அறை’ என்ற பொருளில், ‘ஹேதெர்’ எனப்பட்டது. பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டிலேயே ஓர் அறையில் அது நடந்தது. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உள்ளன. அவை வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. அனைத்தும் மெய்யெழுத்துகளே என்பதால், உயிரொலியைக் காட்ட ‘நிக்குத்’ எனப்படும் புள்ளிகளும் சிறு கோடுகளும் எழுத்தின் கீழும் மேலும் இடப்படுகின்றன. ‘பேத்’ என்னும் எழுத்தின் கீழ் ஒரே ஒரு புள்ளி இருந்தால் ‘பி’ என்றும், இரண்டு புள்ளிகள் பக்கம் பக்கமாக இருந்தால் ‘பே’ என்றும், சிறு கோட்டின் அடியில் ஒரு காம்பு தொங்கினால் ‘பா’ என்றும் பிள்ளை வாசிக்கிறது. ஆசிரியர் கோலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்காட்ட, பிள்ளைகள் எழுத்தின் பெயரையும் குறியின் பெயரையும் இரண்டும் சேர்ந்து எழும் ஒலியையும் உரக்கச் சொல்லி, நாள்தோறும் அதையே திரும்பத் திரும்பப் பயின்று, பிறகு ‘சித்தூர்’ எனப்படும் செபநூலைத் தடையின்றி வாசிக்கும் நிலைக்கு வருகிறார்கள். இடைக்கால ஜெர்மனியில் பலகையில் எழுதிய எழுத்துகளின் மீது தேன் தடவி, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளையை நக்கச் செய்யும் வழக்கம் இருந்தது. ஏடு தொடங்கும் நாளில் பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் தமிழ் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதன் உணர்வு எளிதில் விளங்கும்.

இவ்வகைப் படிப்பில் ஒலி முந்துகிறது; பொருள் பல ஆண்டுகள் பிந்தி வருகிறது. ஜெப ஆலயத்தில் வைத்துப் போற்றப்படும் தோரா என்னும் வேதச் சுருளில் நிக்குத் குறிகள் அறவே இல்லை என்பதால், 13 வயதில் ‘பர் மிட்ஸ்வா’ என்னும் சடங்கின்போது சபையின் முன் நின்று அச்சுருளை வாசிக்க வேண்டிய சிறுவன், உயிரொலிகளையும் இசை முறையையும் முன்கூட்டியே நெஞ்சில் பதித்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எபிரேயத்தைக் காத்தவர்களின் சட்டமே அதைக் கட்டாயமாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது: ஷெமாவையும் நாள்தோறும் சொல்லும் முதன்மை வேண்டலையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் தொகுப்பு வெளிப்படையாக அனுமதிக்கிறது. 1838இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரெபேக்கா கிராட்ஸ் என்னும் அம்மையார் ஞாயிற்றுக்கிழமை யூதப் பள்ளியைத் தொடங்கி ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தியதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான சமூகங்கள் எபிரேயத்தை விடாமல் பற்றியிருந்தமைக்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நாடு இல்லாமல் பல தேசங்களில் சிதறி வாழ்ந்த மக்களுக்கு, பாக்தாதில் கற்றவன் ஆம்ஸ்டர்டாமில் நின்று செபிக்கவும், அங்கே கற்றவன் கொச்சியில் வந்து கலந்துகொள்ளவும் இடந்தந்தது அந்த ஒரே செபமொழிதான்.

கொச்சியில் அது எவ்வாறு நடந்தது என்பதைத் தமிழ் வாசகர் அறிவது நல்லது. தூத்துக்குடிக்கு மிக அருகில் எபிரேயம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட இடம் அதுவே. கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் வாழ்ந்த யூதர்களிடையே முறைப்படி பட்டம் பெற்ற ‘ரப்பி’ என்னும் சமயகுருமார் இருக்கவில்லை. செபத்தை வழிநடத்துவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் கற்றறிந்த ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பாக இருந்தன. சில ஜெப ஆலயங்களின் மாடியில், பெண்கள் அமரும் பகுதியை ஒட்டிய இடமே பிள்ளைகளின் வகுப்பறையாகப் பயன்பட்டது. வீட்டில் மலையாளம் பேசிய இப்பிள்ளைகளுக்கு, எபிரேய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மலையாளப்படுத்திச் சொல்லும் ‘தம்ஸீர்’ என்னும் வாய்மொழி முறை துணைநின்றது. பெண்கள் எபிரேயப் பாடல்களை ஆண்களோடு சேர்ந்து பாடியதோடு, திருமணத்துக்கும் பண்டிகைக்கும் உரிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் எழுதிக் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களின் வழக்கப்படியான எபிரேயச் செபநூல்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கொங்கண் கரையின் பேனே இஸ்ரவேலர் எனப்படும் மராட்டிய மொழி பேசும் யூதர்களுக்குச் செபமும் சடங்கும் கற்பிக்கக் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் சென்றார்கள்.

முத்துக்குளித்துறையில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. முத்து வணிகத்தையும் கடலின் மீதான உரிமையையும் பற்றி எழுந்த மோதலில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள், 1530களின் நடுவில் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்களின் தொகை ஏறத்தாழ 20,000 என்று சொல்லப்படுகிறது. திருமுழுக்குக் கொடுத்த குருமார்கள் திரும்பிச் சென்றபின் அம்மக்களுக்குச் செபம் கற்பிக்க எவரும் இருக்கவில்லை. 1542 அக்டோபரில், கோவாவில் பயின்றுகொண்டிருந்த இந்தக் கரையைச் சேர்ந்த மூன்று மாணவர்களோடு இங்கு வந்து சேர்ந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், கிறித்தவர் என்ற பெயர் ஒன்றைத் தவிர வேறெதுவும் அறியாத மக்களையே கண்டார்.

அவர் எடுத்த முதல் நடவடிக்கை மொழிபெயர்ப்பு. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், இயேசு கற்பித்த செபம், மரியன்னையை வாழ்த்தும் செபம், பாவ அறிக்கை ஆகியவற்றைப் பல நாள் உழைத்துத் தமிழாக்கச் செய்து, அவ்வாறு கிடைத்த தமிழ் வாசகத்தைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். பின்னர் கையில் மணியை அசைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று, சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறையாக ஒரு மாத காலம் கற்பித்ததாக 1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட மடலில் தெரிவிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடும்போது, விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு கூறாகச் சொல்லி நிறுத்தி, இதை விசுவசிக்கிறீர்களா என்று அவர் கேட்க, மக்கள் கைகளை மார்பின் குறுக்கே வைத்து ஒரே குரலில் ஆம் என்று விடை சொன்னார்கள். கட்டளைகளும் இவ்வாறே பகுதி பகுதியாக ஓதப்பட்டன. எழுத்தறியாத கூட்டத்துக்கு நீண்ட வாசகத்தை மூச்சளவான துண்டுகளாக்கிக் கொடுக்கும் இம்முறை, இந்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் முறைக்கு வெகு தொலைவில் இல்லை.

எபிரேயப் பள்ளியையும் இதையும் ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் நிலை புலப்படும். ஹேதெரில் செபத்தின் மொழியை ஆசிரியர் அறிவார், பிள்ளை அறியாது. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் 1542இல் பிள்ளை அறிந்திருந்த மொழியை ஆசிரியர் அறியவில்லை. சவேரியாரின் தமிழ் மிகக் குறைவு. தாம் ஒப்பிக்கும் வாசகத்தின் பிழைகளை அவரால் தாமாகக் கண்டறிய இயலவில்லை. சில பிழைகள் பிறர் சொல்லித் திருத்தப்பட்டன. இருந்தும் பாடம் ஊன்றியதற்குக் காரணம், அவர் பாடத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தமைதான் என்று கருதலாம். பள்ளியில் கற்றதைத் தாய்க்கும் தந்தைக்கும் அண்டை வீட்டாருக்கும் சென்று சொல்லிக்கொடுக்குமாறு பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார். நோயாளி கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் தாம் போக முடியாதபோது, செபம் அறிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, நோயாளியின் படுக்கையருகே நின்று விசுவாச அறிக்கையைச் சொல்லவைத்தார்கள். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்குப் பாடம் சொல்வதை வழக்கமாகக் கண்ட நாட்டில், பிள்ளை பிறருக்குக் கற்பிப்பது வியப்புக்குரியதாக இருந்திருக்காது. ஆனால் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்து பெற்றோருக்கே பாடம் சொல்லத் தொடங்கியது புதிது.

இந்தப் புதுமைக்கு வருத்தத்துக்குரிய ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. பழைய தெய்வ வழிபாட்டை விடாத பெற்றோரைப் பிள்ளைகளே கண்டித்ததையும், எங்கேனும் அத்தகைய வழிபாடு நடந்தால் தம்மிடம் வந்து அறிவித்ததையும், தாம் அப்பிள்ளைகளை அழைத்துச் சென்று அவ்வுருவங்களை உடைத்து இழிவுபடுத்தச் செய்ததையும் சவேரியார் அதே மடலில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிள்ளையின் நாவில் செபத்தை வைப்பது வேறு. பிள்ளையைப் பெற்றோர் மீது ஏவுவது வேறு. முன்னதன் சிறப்பை எவ்வளவு ஏற்றுக்கொண்டாலும், பின்னதை அக்கால வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பழைய வழிபாட்டில் நின்ற ஒரு பாட்டி, தன் பேரன் காட்டிக்கொடுத்ததால் வீட்டுத் தெய்வத்தை இழந்தபோது என்ன உணர்ந்தாள் என்பதை அந்த மடல்கள் பதிவுசெய்யவில்லை.

சவேரியார் இக்கரையில் தொடர்ந்து தங்கிப் பணிசெய்த காலம் மூன்றாண்டுக்கும் குறைவு. அவர் சென்றபின்பும் செபம் நிலைத்ததற்கு ஊர்தோறும் அவர் அமர்த்திய ‘கணக்கப்பிள்ளை’ என்னும் உள்ளூர் ஆசிரியர்களே காரணமானவர்கள். பாதிரியார் இல்லாத நாளிலும் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவது, செபம் சொல்லிக்கொடுப்பது, பிறப்பு, இறப்பு, திருமணங்களைக் குறித்துவைப்பது, உயிர் போகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது ஆகியன அவர்களின் கடமைகள். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பதைச் சவேரியார் நன்கு உணர்ந்திருந்தார். முத்துக்குளிப்போர் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கு என்ற பெயரில் ஆண்டுதோறும் 400 பொற்காசுகள் செலுத்தி வந்தார்கள். அத்தொகையை இந்த ஆசிரியர்களுக்கு விட்டுக்கொடுக்குமாறு அவர் அரசி கத்தரீனாவை வேண்ட, அரசியும் இணங்கினார். சொல்லப்போனால், பரதவர்கள் கடலில் மூழ்கி ஈட்டிய பணம் அவர்களின் பிள்ளைகளின் படிப்புக்கே திரும்பி வந்தது. யோசுவா பென் கம்லா ஊருக்கோர் ஆசிரியரை அமர்த்தியதற்கும், இங்கு ஊருக்கோர் கணக்கப்பிள்ளை அமர்ந்ததற்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளி இருந்தாலும், இரண்டும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை: வந்து போகும் பெரியவர்களால் பிள்ளைக்குச் செபம் வராது, ஊரோடு இருப்பவர் வேண்டும்.

இந்நிலையில் 1547இல் இக்கரைக்கு வந்தவரே என்றிக்கெஸ். போர்ச்சுகலின் விலா விசோசா ஊரில் 1520இல் பிறந்த அவர், அந்நாட்டில் ‘புதுக் கிறித்தவர்’ என்று அழைக்கப்பட்ட, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களின் வழியில் வந்தவர். அவர் பிறப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பு, 1497இல், மானுவேல் மன்னர் 14 வயதுக்குட்பட்ட யூதப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் திருமுழுக்குக் கொடுக்க ஆணையிட்டார். எபிரேய நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பெரியவர்களும் பின்னர் கூட்டங்கூட்டமாக மதம் மாற்றப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் செபத்தை அறுக்க வேண்டுமானால் பிள்ளையையும் புத்தகத்தையும் பிரித்துவிட்டால் போதும் என்று அந்த அரசு அறிந்திருந்தது. 1536இல் போர்ச்சுகலில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டபின், வீட்டுக்குள் எபிரேயச் செபத்தைச் சொல்வதும் உயிருக்கு ஆபத்தாயிற்று. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த என்றிக்கெஸ், யூத வழியினர் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக நேர்ந்தது. அத்தகையோரை ஏற்கத் தயங்காத இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபை 1545இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அச்சபையே 1593இல் யூத வழியினருக்குக் கதவை அடைத்து, 1946இல்தான் அத்தடையை முழுமையாக நீக்கியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம் முன்னோரின் மொழியைப் பற்றி என்றிக்கெஸ் என்ன நினைத்திருந்தார் என்று ஊகிப்பதற்கு இடமில்லை. அவர் செய்து காட்டியது மட்டும் தெளிவாக இருக்கிறது: பிள்ளைகளின் மொழியைத் தாம் கற்றார்.

துபாசி எனப்படும் மொழிபெயர்ப்பாளர்களை நம்பி நடந்த பிற பாதிரியார்களிலிருந்து அவரை வேறுபடுத்தியது இதுவே. பெயர் வேற்றுமைகளையும் வினைத் திரிபுகளையும் முறையாகக் குறித்துக்கொண்டு தமிழைப் பயின்ற அவர், துபாசி இல்லாமலே பேசவும் எழுதவும் வல்லவராகி, இலத்தீன் இலக்கண அமைப்பைப் பின்பற்றிப் போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். சவேரியார் காலத்துச் செப வாசகங்களைத் திருத்தினார். இதற்கிடையே, 1554 பிப்ரவரியில் லிஸ்பன் நகரில், அங்கு வாழ்ந்த விசெந்தே த நாசரேத், ஜோர்ஜே கார்வாலியோ, தோமே த குரூஸ் என்னும் மூன்று இந்தியரின் உழைப்பில், தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் கருப்பும் சிவப்புமாக அச்சிட்ட ‘கார்த்தில்யா’ என்னும் சிறு நூல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றோடும் அதற்குரிய போர்ச்சுகீசியச் சொல்லை நிறுத்திய அதன் அமைப்பு, தமிழ் அறியாத பாதிரியாருக்கே பயன்படும். கடற்கரைச் சிறுவனுக்கு அதனால் பயனில்லை.

சிறுவனுக்கான நூல், என்றிக்கெஸ் ஆக்கி 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’. தமிழ் எழுத்திலேயே அச்சான, இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையதான இது, செபங்கள் அடங்கிய 16 பக்கச் சிறு புத்தகம். அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ அதைவிடப் பெரியது. போர்ச்சுகலில் சிறுவர்களுக்காக மார்க்கோஸ் ஜோர்ஜே எழுதிய மறைக்கல்வி நூலைத் தழுவி, குரு கேட்க மாணாக்கன் விடை சொல்லும் முறையில் அமைந்தது. அச்சுச் செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலும் வந்தது. நூற்றாண்டுகளாகக் கண்ணில் படாதிருந்த இந்நூல்கள் சிலவற்றை, தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயகம் அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

தம்பிரான் வணக்கத்தின் ஒரு பக்கத்தை இன்றைய வாசகர் பார்த்தால் முதலில் திகைப்பார். அக்கால ஓலை வழக்கத்தையொட்டி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படவில்லை. எங்கே ‘க’ என்று வாசிப்பது, எங்கே ‘க்’ என்று வாசிப்பது என்பதைச் சொல்லைத் தெரிந்தவரே முடிவுசெய்ய முடியும். நிக்குத் இல்லாத தோராச் சுருளை வாசிக்கும் யூதச் சிறுவனைப் போலவே, புள்ளியில்லாத இந்தப் பக்கத்தை வாசித்த பரதவச் சிறுவனும் வாசகத்தை முன்பே செவிவழி அறிந்திருக்க வேண்டியிருந்தது. அச்சு நூல் வருமுன் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கணக்கப்பிள்ளைகள் சொல்லிச் சொல்லி ஊன்றியிருந்த பாடமே அந்நூலை வாசிக்கத் தக்கதாக்கியது என்பதைத் தமிழ் அச்சின் வரலாற்றைப் பாராட்டுவோர் அரிதாகவே நினைத்துப் பார்க்கிறார்கள். பாதிரியார்களின் பெயர்களும், எழுத்தை வார்த்தவர்களின் பெயர்களும் வரலாற்றில் இடம்பெற்றிருக்க, அந்த ஆசிரியர்கள் பெயரின்றிப் போனது பெருங்குறையே. கிரீசித்தியானி வணக்கம் அச்சான 1579இல், கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் கட்டப்பட்டுப் பதினோராண்டுகளே ஆகியிருந்தன என்பதும் எண்ணத்தக்கது: எபிரேயத்தை இழந்த ஒரு மரபின் வழித்தோன்றல் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செபநூல் அச்சிட்ட அதே நகரில், அந்த எபிரேயத்தை இழக்காத மக்கள் நடந்துபோகும் தொலைவில் செபித்துக்கொண்டிருந்தார்கள்.

செபம் பிறந்த மொழியையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முதல் முறையைக் காண விரும்புவோர் கொச்சி வரை போக வேண்டிய தேவையும் இல்லை. பரதவர்களின் புன்னைக்காயலுக்கு மிக அருகே, தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியை ஒட்டி இருக்கும் காயல்பட்டினத்தில், இசுலாமியப் பிள்ளைகள் இன்றும் அரபி எழுத்தில்தான் ஓதத் தொடங்குகிறார்கள். எபிரேயத்தைப் போலவே அரபியும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டு, குற்றுயிர் ஒலிகளுக்குக் குறிகள் இடப்படும் மொழி. தொழுகையில் ஓதப்படும் திருக்குர்ஆன் வாசகம் அரபியிலேயே இருக்க வேண்டும் என்பதால், பிள்ளை நான்கைந்து வயதிலேயே எழுத்துக்கூட்டி ஓதக் கற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் அறிஞர்கள் இதிலிருந்து ஒரு பாலத்தையும் கட்டினார்கள். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்து உண்டாக்கிய ‘அரபுத் தமிழ்’, ஓதத் தெரிந்த எவரும் தமிழ்ச் சமய நூல்களை வாசிக்க வழிசெய்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதித்திராத பெண்கள், சிறுமிகளாக இருந்தபோது ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டு தொழுகை விதிகளையும் மாலைப் பாடல்களையும் தாமே வாசித்தார்கள். காயல்பட்டினத்தைச் சேர்ந்த ஷாம் ஷிஹாபுத்தீன் ஒலியுல்லாஹ் போன்றோரின் அரபுத் தமிழ்ப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வீடுகளில் வழங்கின. எபிரேய எழுத்தில் ஜெர்மானிய வழி மொழியான இத்திஷை எழுதி, எபிரேயம் நன்கு அறியாத பெண்களும் செபித்த கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கத்துக்கு இது மிக நெருங்கியது. இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வி பரவியபின் அரபுத் தமிழை வாசிக்கத் தெரிந்தோர் குறைந்துவிட்டார்கள், ஓதல் தொடர்கிறது.

தமிழில் செபித்த கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கும் பொருள் தெரியாத வாசகம் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. பீடச் சிறுவர்கள் இலத்தீன் மறுமொழிகளை மனப்பாடம் செய்தே பூசைக்கு உதவினார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வழிதிறந்த பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. வீட்டில் சொன்ன தமிழ்ச் செபங்களிலோ வேறொரு மாற்றம் மெல்ல நேர்ந்திருந்தது. பிள்ளைக்கு உடனே விளங்க வேண்டும் என்று ஆக்கப்பட்டவை, பிற்காலத் திருத்தங்களோடும் வடசொற்கள் மிகுந்த நடையோடும் தலைமுறைகளைக் கடந்தபோது, அவையே பழமையேறிப் புனித மொழியின் தகுதியைப் பெற்றுவிட்டன. ‘பிரியதத்த மந்திரம்’ என்று முன்னோர் வழங்கிய மரியன்னைச் செபம் நல்ல தமிழுக்கு மாற்றப்பட்டு ‘அருள் நிறை மந்திரம்’ ஆனபோது, புதிய வாசகம் தெளிவாக இருந்தும் முதியோர் பலரின் நா அதற்கு எளிதில் வளையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளை புதிய வாசகத்தைக் கற்கிறது. மாலையில் வீட்டுச் செபமாலையில் பாட்டி பழைய வாசகத்தைத் தொடங்கினால், அதையும் தடையின்றித் தொடர்ந்து சொல்கிறது. வகுப்பில் பங்குக் குருவின் முன் ஒப்பிக்கும்போது இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, இன்று மறைக்கல்வி ஆசிரியரின் பாடாக இருக்கிறது.